குளிர் அறையில் இருந்த ஆப்பிள் அழுகுவது ஏன்? காயம் பட்ட பழத்தை ஐஸ் காப்பாற்றாது!

சென்னையில் மே மாத வெயிலில் தள்ளுவண்டியில் விற்கும் காஷ்மீர் ஆப்பிளுக்கு வயசு என்ன தெரியுமா?

ஏழு மாசம்!

போன வருஷம் அக்டோபர் வாக்கில் மரத்தில் இருந்து பறித்த பழம் அது. குளிர்பதனக் கிடங்கில் மாசக்கணக்கில் இருந்துவிட்டு, லாரி ஏறி சுமார் 3 ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கிறது. கடித்தால் இன்னமும் ‘நறுக்’ என்கிறது.

ஆனால் அதே பெட்டியில், அதே லாரியில் வந்த இன்னொரு பழத்தை எடுத்துப் பார்த்தால் கதையே வேறு. காம்புப் பக்கம் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். விரலை வைத்தால் உள்ளே போகிறது. மூக்கருகே கொண்டு போனால் மக்கிய மண் வாடை.

இரண்டு பழமும் ஒரே குளிரில்தான் இருந்தன. ஒன்று பிழைத்தது. ஒன்று போனது. ஏன்?

கோயம்பேடு பழ மார்க்கெட்டில் விடியற்காலையில் இந்தக் கேள்வி சண்டையாகவே வரும். சில்லரை வியாபாரியும் மொத்த வியாபாரியும் பேசிக்கொள்வது இப்படித்தான் இருக்கும்:-

“அண்ணே, நேத்து எடுத்துட்டுப் போன பெட்டியில அடித்தட்டுல பத்துப் பழம் போச்சுண்ணே.”

“கோல்டு ஸ்டோரேஜ் மால் தம்பி அது. ஐஸ்ல இருந்த பழம் எப்படிப்பா அழுகும்? நீ வெயில்ல வெச்சிருப்பே.”

இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் காசைத் தின்கிறது.

ஒரு பெட்டியில் 100 பழம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பழம் அழுகினால் போவது வெறும் 10 பழத்தின் காசு அல்ல. பத்தில் ஒரு பங்கு லாபம் வைத்து விற்கிறவருக்கு அந்தப் பெட்டியின் லாபம் மொத்தமும் போச்சு. தண்டலுக்குப் பணம் வாங்கி வண்டி போட்டவருக்கு அன்றைக்கு வட்டி கட்டக் காசு இல்லை.

குளிர் கொல்லாது

பறித்த பிறகும் பழம் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது. மூச்சு விட விட உள்ளே இருக்கும் சர்க்கரை செலவாகிறது; பழம் மெத்தென்று ஆகிறது. வெப்பம் ஏற ஏற இந்த மூச்சு வாங்கலும் ஏறும்.

ஆப்பிளை 0 டிகிரி சென்டிகிரேடு பக்கத்தில் வைத்தால் மூச்சு குறைந்துவிடும். சாதாரண அறையில் ஒரே நாளில் ஆகிற முதிர்ச்சி, அந்தக் குளிரில் ஆவதற்குப் பத்து நாள் பிடிக்கும். ஏழு மாசம் பழம் நிற்பதன் ரகசியம் இதுதான்.

அதற்காக இன்னும் குளிரை ஏற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மைனஸ் 2 டிகிரியை நெருங்கினால் பழத்துக்குள் இருக்கும் நீரே உறைந்துவிடும். வெளியே எடுத்ததும் பழம் கொழகொழ என்று ஆகிவிடும்.

ஆனால் அழுகலுக்குக் காரணமான பூஞ்சணம் இருக்கிறதே, அது இந்தக் குளிரில் சாவதில்லை. சில பூஞ்சணங்கள் தூங்கும். வேறு சில தூங்கக்கூடச் செய்யாது!

ஆப்பிளுக்கு இரண்டு பெரிய எதிரிகள். ஒன்று நீலப் பூஞ்சணம். இன்னொன்று சாம்பல் பூஞ்சணம். இரண்டும் 0 டிகிரியிலும் மெல்ல மெல்ல வளரக்கூடியவை. அறை வெப்பத்தில் சில நாளில் செய்கிற வேலையைக் குளிர் அறையில் சில வாரம், சில மாசம் எடுத்துச் செய்யும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்தின் பங்காளி

நீலப் பூஞ்சணம் யாருடைய சொந்தம் என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். 1928-ம் வருஷம் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்த பென்சிலின் மருந்து எந்தப் பூஞ்சணத்தில் இருந்து வந்ததோ, அதே பென்சிலியம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஒரு பங்காளி உயிரைக் காப்பாற்றுகிறான். இன்னொரு பங்காளி பழத்தைக் கெடுக்கிறான்!

இந்த நீலப் பூஞ்சணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற சக்தி இதற்குக் கிடையாது. திறந்த கதவு வேண்டும். நகம் கீறிய கீறல், காம்பு பிய்ந்த இடம், பெட்டி ஆணி குத்திய ஓட்டை, கீழே விழுந்து கன்றிய இடம் - இவைதான் அதன் கதவு. கண்ணுக்குத் தெரியாத தூள் போன்ற அதன் வித்து, அந்தக் காயத்தில் ஒட்டினால் போதும்.

சாம்பல் பூஞ்சணம் இன்னும் மோசம். ஒரு பழத்தில் பிடித்தால், ஒட்டி இருக்கும் அடுத்த பழத்துக்கு நேராகத் தாவிவிடும். அதற்குக் காயம் கூட வேண்டாம். பெட்டியைப் பிரித்தால் நடுவில் ஐந்தாறு பழம் கூடு கட்டியது போல் ஒன்றாக அழுகி இருப்பது இதன் வேலைதான்.

போதாக்குறைக்கு, அழுகும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. இதுதான் பழத்தைப் பழுக்க வைக்கும் வாயு. ஒரு பழம் அழுகினால் பக்கத்துப் பழங்களும் சீக்கிரம் பழுத்துத் தளர்ந்து போகும். தளர்ந்த பழத்தில் பூஞ்சணத்துக்கு வேலை சுலபம்.

ஆக, அழுகல் குளிர் அறையில் பிறப்பது குறைவு. பெரும்பாலும் தோட்டத்திலும் பெட்டி கட்டும் இடத்திலும் பிறந்து, குளிர் அறைக்குள் பழத்தோடு சேர்ந்து போகிறது!

பறிக்கும் கையில் இருக்கிறது

இதனால்தான் விவரம் தெரிந்த தோட்டக்காரர்கள் பறிக்கிற ஆளின் நகத்தைப் பார்ப்பார்கள். நகம் வெட்டி இருக்க வேண்டும். பழத்தை விரலால் அழுத்தி இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கித் திருப்பினால் காம்போடு வரும். கூடையில் போடக் கூடாது, வைக்க வேண்டும்.

தானாக உதிர்ந்து மண்ணில் கிடந்த பழத்தை எத்தனை அழகாக இருந்தாலும் குளிர் அறைக்கு அனுப்பக் கூடாது. அது சந்தையில் உடனே விற்க வேண்டிய பழம்.

அடுத்த ஆபத்து கழுவும் தண்ணீர். ஓர் அழுகிய பழம் தொட்டியில் விழுந்தால் போதும். அதன் வித்து தண்ணீர் முழுக்கப் பரவி, அடுத்து வருகிற ஆயிரம் பழத்தின் காயத்திலும் ஒட்டும். அதனால்தான் தொட்டித் தண்ணீரில் அளவோடு குளோரின் கலக்கிறார்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறார்கள். அழுக்குத் தண்ணீரில் குளோரின் போட்டும் பயன் இல்லை. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

பெட்டியும் அப்படித்தான். போன வருஷம் பழம் அழுகிய மரப்பெட்டியைத் தட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தினால், அந்த வித்து அங்கேயே காத்துக்கொண்டு இருக்கும்.

மரத்தில் காய் இருக்கும்போதே சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கலந்த நீரைத் தெளிப்பதும் ஒரு வழி. கால்சியம் போதுமான பழத்தின் சதை கெட்டியாக இருக்கும். பூஞ்சணம் அதைக் கரைப்பது கஷ்டம்.

பூஞ்சணத்தை அடக்க மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் ஒரே மருந்தை வருஷக்கணக்கில் போட்டால் பூஞ்சணம் அதற்குப் பழகிவிடுகிறது. இதனால் முள்ளை முள்ளால் எடுக்கிற வேலையும் நடந்திருக்கிறது. தீங்கு செய்யாத சில ஈஸ்டுகளையும் பாக்டீரியாக்களையும் பழத்தின் மேல் தெளித்தால், அவை காயத்தில் முதலில் குடியேறிவிடும். பூஞ்சணத்துக்கு இடம் இருக்காது. அமெரிக்காவில் 1995-ம் வருஷத்திலேயே இந்த மாதிரி தயாரிப்புகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் தாமதம்

பறித்த பழத்தில் வெயில் சூடு உள்ளே இருக்கும். அந்தச் சூட்டைச் சீக்கிரம் இறக்க வேண்டும். சூடான பழத்தை நெருக்கி அடுக்கிக் கதவைச் சாத்தினால், நடுப்பெட்டி குளிர நாள்கணக்காகும். அதற்குள் பூஞ்சணம் காலூன்றிவிடும். அடுக்குகளுக்கு நடுவிலும் சுவர் ஓரத்திலும் காற்று போக இடம் விடச் சொல்வது இதற்குத்தான்.

காலதாமதம் என்ன செய்யும் என்பதைக் காஷ்மீர் 2025-ம் வருஷம் பார்த்தது. ஆகஸ்டு கடைசியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை முடங்கியது. அறுவடை சமயம். ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நாள்கணக்கில் வழியிலேயே நின்றன. தார்ப்பாயின் அடியில் பழங்கள் புழுங்கி அழுகின. வருஷம் முழுக்கப் பாடுபட்டவர்கள் பழத்தைச் சாலை ஓரத்தில் கொட்டினார்கள். செப்டம்பர் மாதம் புட்காமில் இருந்து டில்லி ஆதர்ஷ் நகருக்கு ரெயில்வே தனியாகப் பார்சல் ரெயில் விட்டது.

உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து!

சாதாரண குளிர் அறையைத் தாண்டி இன்னொரு அறை உண்டு. அங்கே குளிரை மட்டும் அல்ல, காற்றையே மாற்றுகிறார்கள்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அந்த அறையில் அதை 1 முதல் 3 சதவீதம் வரை குறைத்துவிடுவார்கள். பழம் கிட்டத்தட்ட அரை மயக்கத்தில் இருக்கும். இங்கிலாந்தில் கிட், வெஸ்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் முதல் உலகப்போர் முடிகிற காலத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1929-ல் கேன்டர்பரி பக்கத்தில் முதல் வியாபாரக் கிடங்கு வந்தது. இன்றைக்குக் காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்து லஸ்ஸிபோராவில் இந்த மாதிரி கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. ஏழு மாசத்துப் பழம் சென்னைக்கு வருவது இவற்றால்தான்.

இந்த அறைக்குள் ஆள் நுழையக் கூடாது. ஆக்சிஜன் போதாமல் நிமிஷத்தில் மயங்கி விழுந்து உயிரே போய்விடும். கதவில் எச்சரிக்கைப் பலகை வைத்துப் பூட்டி வைப்பார்கள்.

இதோடு 1-எம்.சி.பி. என்ற வாயுவும் உண்டு. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது. எத்திலீன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ‘பழு’ என்ற கட்டளை பழத்துக்குப் போய்ச் சேராது.

இத்தனையும் செய்தாலும், காயத்தோடு உள்ளே போன பழம் காயத்தோடுதான் வெளியே வரும். அதை எந்த வாயுவும் ஆற்றாது.

வாழைக்கு 13, மாம்பழத்துக்கும் அதுதான்

ஆப்பிளுக்கு நல்ல குளிர் எல்லாப் பழத்துக்கும் நல்லது அல்ல. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. தோல் சாம்பல் பூத்துக் கறுத்துவிடும். மாங்காய்க்கும் 12, 13 டிகிரிதான் எல்லை. அதற்குக் கீழே வைத்தால் தோலில் குழி விழும். வெளியே எடுத்தால் பழுக்கவும் பழுக்காது; குழி விழுந்த இடத்தில் அழுகத் தொடங்கும். குளிர் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் குளிரே காயம் செய்துவிடுகிறது!

மாம்பழத்தில் வருகிற கரும்புள்ளி நோய் இன்னொரு தந்திரக்காரன். பிஞ்சாக இருக்கும்போதே தோலுக்குள் புகுந்து சத்தம் போடாமல் கிடக்கும். பழுக்கிற சமயம் எழுந்து கறுப்புப் புள்ளியாகப் பரவும். பறிக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதற்குக் குளிர் அல்ல, சூடுதான் மருந்து. 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிஷம் முக்கி எடுத்தால் தோலில் ஒளிந்திருக்கும் பூஞ்சணம் அடங்கும். சூடு கூடினால் தோல் வெந்துபோகும் என்பதால் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

திராட்சைக்கு வேறு வைத்தியம். பெட்டிக்குள் மேலே ஒரு தாள் வைத்து அடைப்பார்கள். அதில் இருந்து கந்தக டை ஆக்சைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து சாம்பல் பூஞ்சணத்தைத் தடுக்கும். அளவு கூடினால் பழம் வெளுத்துவிடும்.

சென்னையில் காத்திருக்கும் வியர்வை

சரி, தோட்டத்தில் தப்பு இல்லை. கிடங்கிலும் தப்பு இல்லை. நல்ல பழமாகவே சென்னை வந்து சேருகிறது. அதற்குப் பிறகு?

ஜில்லென்ற சோடா பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். பாட்டில் ஒழுகவில்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. குளிர் அறையில் இருந்து வந்த ஆப்பிளுக்கும் இதே கதிதான். கடற்கரை ஊரான சென்னையில் காற்றில் ஈரம் அதிகம். பெட்டியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பழம் வியர்த்துவிடும்.

மாசக்கணக்கில் காய்ந்து கிடந்த வித்துக்கு வேண்டியது இந்த ஒரு சொட்டு ஈரம்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிடைத்ததும், கிடங்கில் பல வாரம் நடக்க இருந்த வேலை கடையில் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. “நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்று கடைக்காரர் தலையில் கை வைப்பது இதனால்தான்.

இதைத் தடுக்க மெஷின் வேண்டாம். கவனம் இருந்தால் போதும்:-

* குளிர் லாரியில் இருந்து இறங்கிய பெட்டியை உடனே பிரிக்காமல், நிழலில் மூடியபடியே சில மணி நேரம் வைத்து, பழத்தின் குளிர் மெல்ல இறங்கிய பிறகு பிரிக்க வேண்டும்.

* வியர்த்த பழத்தை ஈரத்தோடு அடுக்கக் கூடாது. மின்விசிறிக் காற்றில் உலர விட வேண்டும்.

* வெளியே எடுத்த பழத்தைத் திரும்பக் குளிரில் வைத்து, மறுநாள் மறுபடி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் வியர்க்கும். இரண்டு நாளில் விற்கிற அளவு மட்டும் எடுப்பதே லாபம்.

* பெட்டி வாங்கும்போது மேல்தட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அடித்தட்டில் இருந்து ஒரு பழம் எடுத்துக் காம்புக் குழியைப் பார்க்க வேண்டும். அழுகல் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

* காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, அழுகிய பழத்தைப் பொறுக்கி எடுப்பது. எடுத்ததைக் கடைக்குப் பக்கத்திலேயே குவிக்கக் கூடாது. அடுத்த பெட்டிக்கு வித்து அங்கிருந்துதான் வரும்.

* பழத்துக்கு மினுமினுப்பு வர ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஓர் அழுகிய பழத்தைத் துடைத்த துணி, மீதி 99 பழத்துக்கும் நோயைப் பூசுகிற துணி!

வெட்டி எறிந்தால் போதுமா?

கடைக்காரருக்குப் போவது காசு. வீட்டில் போவது உடம்பு.

அழுகிய இடத்தை மட்டும் கத்தியால் செதுக்கிவிட்டு மீதியைக் குழந்தைக்குக் கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. “பாதிப் பழம் நல்லாத்தானே இருக்கு, வீணாக்குவானேன்?” என்பார்கள்.

நீலப் பூஞ்சணம் பாட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது அழுகிய இடத்தோடு நிற்காமல் பக்கத்துச் சதையிலும் இறங்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு கிலோ ஆப்பிள் சாறில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

வெறுமனே அடிபட்டுக் கன்றிய பழத்தில் அந்த இடத்தை நீக்கிவிட்டு உடனே சாப்பிடுவதில் தப்பு இல்லை. ஆனால் பூஞ்சணம் பூத்து, மண் வாடை அடிக்கிற பழம் முழுசாகக் குப்பைக்குப் போக வேண்டியது. ‘ஜூசுக்கு ஆகும்’ என்று அதை மலிவாகத் தள்ளுகிறவரும், வாங்கி மிக்சியில் போடுகிறவரும் சேர்ந்து குடிப்பவர் உடம்போடு விளையாடுகிறார்கள்.

வீட்டு பிரிட்ஜிலும் இதே நியாயம்தான். ஆப்பிளையும் திராட்சையையும் உள்ளே வைக்கலாம். வாழைப்பழமும் பழுக்காத மாங்காயும் வெளியே இருக்கட்டும். பழம் வைக்கிற தட்டில் கீரை, காரட்டைச் சேர்த்து வைக்காமல் இருப்பது நல்லது. ஆப்பிள் விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கும். காரட்டைக் கசக்க வைக்கும்.

ஆக, கோல்டு ஸ்டோரேஜ் பழத்துக்கு ஆஸ்பத்திரி அல்ல. நோயோடு வந்ததைக் குணப்படுத்தி அனுப்பாது. நல்ல பழத்தை நல்லபடியாக வைத்திருக்கும். அவ்வளவுதான்.

காஷ்மீரில் பறிக்கிறவரின் நகம், பெட்டி கட்டுமிடத்துத் தண்ணீர், லாரியின் தாமதம், சென்னைக் கடையின் ஈரத்துணி - இந்த நாலில் எங்கே சறுக்கினாலும் நஷ்டம் கடைசியில் தள்ளுவண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது. முதல் மூன்றும் அவர் கையில் இல்லை. துணியை மாற்றுவது அவர் கையில்தான் இருக்கிறது.